தார் எமல்ஷனில் தண்ணீர் எபாக்சி: சிங்கப்பூரில் முதல் சோதனைப் பட்டை போடுகிறவர்களுக்கு

எங்கள் கம்பெனி யார்டில் 30 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்கு ஒரு சோதனைப் பட்டை போடச் சொல்லி பாஸ் என்னிடம் கொடுத்தார். பழைய தார்ப் பரப்பின் மேல் புது லேயர் போடுவதற்கு முன் அடிக்கிறோமே டேக் கோட், அதில் வழக்கமான எமல்ஷனுக்குப் பதிலாக வாட்டர்போர்ன் எபாக்சி கலந்த எமல்ஷனை அடித்து, இரண்டு லேயரும் எந்த அளவுக்குப் பிடித்துக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், நாலு மாதம் ஆனது. பொருள் ஒன்றும் அவ்வளவு கடினமானதில்லை. நான் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டேன்: டிரம் முதலில் வந்தது, ஆவணங்கள் அப்புறம் வந்தன, கலந்து பார்த்தது கடைசியில். ஊரிலிருந்து சைட் இன்ஜினியராகவோ லேப் டெக்னீஷியனாகவோ சூப்பர்வைசராகவோ வந்து இந்த வேலை கையில் வந்து விழுந்தவர்கள் அந்த நாலு மாதத்தை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பொருளைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் ஆரம்பிக்கப் போதும். எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் பிட்டுமென் துளிகள். தண்ணீர் எபாக்சியும் (வாட்டர்போர்ன் எபாக்சி) அதே மாதிரி தண்ணீரில் மிதக்கும் ரெசின், அதாவது பிசின் துளிகள்தான், கூடவே அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் தனி டப்பாவில் வரும். மூன்றையும் கலந்து அடித்தால் தண்ணீர் வெளியேற வெளியேற பிட்டுமென் ஒன்றுசேர்கிறது, அதற்குள்ளேயே எபாக்சியும் ஹார்ட்னரும் வினைபுரிந்து வலை மாதிரிப் பின்னிக்கொள்கின்றன. அதனால்தான் மத்தியான வெயிலில் 60 டிகிரிக்குப் போகும் ரோட்டில் அந்தத் தார் சாதாரணத் தார் அளவுக்கு இளகுவதில்லை. ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வையுங்கள்: இறுகிவிட்ட எபாக்சி திரும்ப உருகாது, தொட்டிக்குள் இறுகினாலும் அப்படியே.

1. எதற்கு, எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தக் கலவையை டேக் கோட்டுக்கும், மைக்ரோ சர்ஃபேஸிங் என்ற மெல்லிய மேற்பூச்சுக்கும், குழி அடைக்கும் குளிர்க் கலவைக்கும், பாலத்தின் மேல்தள நீர்த்தடுப்புக்கும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எமல்ஷன் வகை வேறு, சோதனைகள் வேறு. முதல் தடவை என்றால் டேக் கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜல்லி கலக்க வேண்டியதில்லை, பொருளும் கொஞ்சமாகத்தான் ஆகும், தப்பு நடந்தாலும் மேலே ஒரு லேயர் வந்து மூடிவிடும்.

இடம்தான் உங்கள் காலண்டரைத் தீர்மானிக்கிறது. பொதுச் சாலை என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கோனைக்கூட வைக்க முடியாது, போக்குவரத்துக் கட்டுப்பாட்டுத் திட்டமும் வேண்டும், அவர்களுடைய பொருள் விவரக்குறிப்பில் இல்லாத ஒன்றை அடிக்கப்போகிறீர்கள் என்பதால் கேள்விகளும் அதிகமாக வரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடம் என்றால் வீவக அல்லது நகர மன்றம், தொழிற்பேட்டை நிலங்களைக் குத்தகைக்கு விடும் அரசு அமைப்பான ஜேடிசியின் நிலத்தில் இருக்கும் யார்டு என்றால் குத்தகை நிபந்தனைகள். முதல் சோதனையை உங்கள் கம்பெனி யார்டுக்குள்ளேயே, லாரி தினமும் ஏறி இறங்கும் பாதையில் போடுங்கள். அப்போதும் இடத்துக்குப் பொறுப்பானவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வையுங்கள், வாய்வார்த்தை போதாது. நான் வாய்வார்த்தையை நம்பிப் போனேன். அடிக்க வேண்டிய நாளில் அங்கே ஒரு கன்டெய்னர் நின்றுகொண்டிருந்தது.

2. ஆவணங்களைக் கேளுங்கள், பொருளை இன்னும் கேட்காதீர்கள்

விற்பவரிடம் கேட்க வேண்டியவை நான்கு: எபாக்சிக்கும் ஹார்ட்னருக்கும் தனித்தனியாகப் பாதுகாப்புத் தரவுத் தாள், அதாவது எஸ்டிஎஸ், இரண்டுக்கும் தொழில்நுட்பத் தாள், அந்த பேட்ச்சுக்கான பகுப்பாய்வுச் சான்றிதழ், பேக்கிங் அளவும் காலாவதித் தேதியும். எஸ்டிஎஸ்ஸில் 16 பகுதிகள் இருக்க வேண்டும், இங்கே அது எஸ்எஸ் 586 என்ற சிங்கப்பூர் தரநிலைக்கு ஒத்துவர வேண்டும். விற்பவர் அனுப்புவது வேறு நாட்டு வடிவத்தில் இருந்தால் அப்போதே திருப்பிக் கேளுங்கள், டிரம் வாசலில் வந்து நிற்கும்போது பாதுகாப்பு அதிகாரி கேட்பது அந்தத் தாளைத்தான்.

16 பகுதிகளையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பகுதி 2 ஆபத்துகளைச் சொல்லும். பகுதி 8 கையுறை வகையைச் சொல்லும். பகுதி 9-இல் ஃபிளாஷ் பாயின்ட்டையும் (ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை) பிஎச்-ஐயும் (அமில, கார அளவு) பாருங்கள்: தண்ணீர் எபாக்சி என்று பெயர் இருந்தாலும் சில ஹார்ட்னர்களில் கரைப்பான் இருக்கும், தீப்பற்றக்கூடிய வகையாக வந்துவிட்டால் குடிமைத் தற்காப்புப் படையின் சேமிப்பு விதிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். பகுதி 14 போக்குவரத்து வகை. அமின் என்ற காரத்தன்மையுள்ள ரசாயனத்தால் ஆன ஹார்ட்னர்கள் சிலது அரிக்கும் பொருள் என்ற வகையில் வரும், அப்படியென்றால் கப்பல் செலவும் நாளும் கூடும்.

தொழில்நுட்பத் தாளில் இ-51, இ-44 என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள், பெரும்பாலும் சீனத் தயாரிப்புகளில். அந்த எண் 100 கிராம் ரெசினில் எத்தனை எபாக்சி சமானம் இருக்கிறது என்பதைக் குறிக்கிறது: 0.51, 0.44. 100-ஐ அதால் வகுத்தால் எபாக்சி சமான எடை, அதாவது ஒரு சமானம் எத்தனை கிராமில் இருக்கிறது என்பது கிடைக்கும், ஹார்ட்னர் அளவைக் கணக்கிட இதுதான் தேவை, இ-51-க்கு ஏறக்குறைய 196, இ-44-க்கு 227. இது சுத்த ரெசினுக்கான கணக்கு. தண்ணீரோடு சேர்ந்து வரும் எமல்ஷனுக்கு இந்த எண்ணை அப்படியே போட்டால் ஹார்ட்னர் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் போய்விடும். டப்பாவில் இருக்கிற நிலையில் சமான எடை எவ்வளவு என்று விற்பவரிடமே எழுதி வாங்குங்கள்.

3. கணக்கை ஒரே தாளில் போடுங்கள்

இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். "10 சதவீதம் எபாக்சி" என்று யாராவது சொன்னால், எதில் 10 சதவீதம் என்று உடனே கேளுங்கள். எமல்ஷன் எடையிலா, தண்ணீர் போன பிறகு மிஞ்சும் பிட்டுமென் எடையிலா? ஹார்ட்னரையும் சேர்த்தா, இல்லாமலா? ஈர எடையா, திட எடையா? ஆளுக்கு ஒரு அடிப்படையில் சொல்கிறார்கள், ஆய்வுக் கட்டுரைகளும் அப்படித்தான்.

நான் வைத்துக்கொண்ட அடிப்படை: ரெசினும் ஹார்ட்னரும் சேர்ந்த திட எடை, மிஞ்சும் பிட்டுமெனில் எத்தனை சதவீதம். உதாரணத்துக்கு 60 சதவீதம் பிட்டுமென் உள்ள எமல்ஷன் 100 கிலோ எடுத்தால் பிட்டுமென் 60 கிலோ. அதில் 10 சதவீதம் 6 கிலோ திடப்பொருள். இரண்டு டப்பாவும் 50 சதவீதத் திடப்பொருள் என்றால் ஈர எடை 12 கிலோ. டப்பா நிலையில் எபாக்சி சமான எடை 400, ஹார்ட்னரின் சமான எடை 200 என்றால் விகிதம் 100-க்கு 50, ஆக எபாக்சி 8 கிலோ, ஹார்ட்னர் 4 கிலோ. மொத்தக் கலவை 112 கிலோ, அதில் திடம் 66 கிலோ, அதாவது 59 சதவீதம்.

இப்போது தேவையைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 0.2 கிலோ மிச்சம் நிற்க வேண்டும் என்றால் 0.34 கிலோ கலவை அடிக்க வேண்டும். பட்டையில் பாதிக்குத்தான் எபாக்சிக் கலவை, மறுபாதி ஒப்பிடுவதற்குச் சாதாரண எமல்ஷன், ஆக 45 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 கிலோ, சிந்துவதற்கும் சேர்த்து 18 கிலோ. அதில் எபாக்சி வெறும் ஒன்றேகால் கிலோ, ஹார்ட்னர் ஏறக்குறைய 650 கிராம்! நான் இந்தக் கணக்கைப் போடாமல் 200 கிலோ டிரம் வாங்கினேன். பட்டை முடிந்தபோது அது கிட்டத்தட்ட முழுதாக அப்படியே நின்றது, காலாவதி ஆனதும் அதை அப்புறப்படுத்தக் காசு கொடுக்க வேண்டியதாயிற்று.

4. வாளிச் சோதனை (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

எபாக்சியிலும் ஹார்ட்னரிலும் ஒவ்வொரு கிலோ மாதிரி டப்பா அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள், கூரியர் செலவு உங்களுடையது. எமல்ஷனை நீங்கள் உண்மையில் வாங்கப்போகும் இடத்திலிருந்தே எடுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் கேட்டயானிக் எமல்ஷன், நேர் மின்னூட்டம் உள்ளது. கிரானைட் ஜல்லியோடு நன்றாக ஒட்டும் என்பதால் அது இங்கே வசதி. ஆனால் அதன் எமல்சிஃபையர், அதாவது துளிகளை ஒன்றுசேர விடாமல் மிதக்க வைக்கும் பொருள், வேலை செய்வதே அமிலம் இருப்பதால்தான். அதில் காரத்தன்மை உள்ள அமின் ஹார்ட்னரை ஊற்றினால் பிஎச் ஏறுகிறது, துளிகளின் மின்னூட்டம் போகிறது, பிட்டுமென் திரண்டு பழுப்பு மோரில் வெண்ணெய் மிதப்பது மாதிரி கட்டி கட்டியாக மேலே வந்துவிடும். என் முதல் கலவை ஐந்தே நிமிடத்தில் அப்படி ஆனது, அதுவும் டிரம் வந்து சேர்ந்த பிறகு. எபாக்சி எமல்ஷன் எதிர் மின்னூட்ட வகையாக இருந்தாலும் இதே கதிதான். மின்னூட்டம் இல்லாத, அதாவது நான்அயானிக் வகையைக் கேட்டு வாங்குங்கள், அப்புறமும் சோதித்துப் பாருங்கள்.

செய்முறை: எமல்ஷன் 200 கிராம், எபாக்சி 16 கிராம், ஹார்ட்னர் 8 கிராம். எபாக்சியையும் ஹார்ட்னரையும் முதலில் தனியாக ஐந்து நிமிடம் கலக்குங்கள், பிறகு எமல்ஷனை மெதுவாகக் கிளறிக்கொண்டே அந்தக் கலவையை எமல்ஷனில் ஊற்றுங்கள். இன்னொரு வாளியில் வரிசையை மாற்றி, எமல்ஷனில் எபாக்சி, கடைசியில் ஹார்ட்னர் என்று செய்து பாருங்கள். எது கட்டியில்லாமல் வருகிறதோ அதுவே உங்கள் வரிசை. வேகமான டிரில் மிக்ஸர் வேண்டாம், நுரையும் வரும், எமல்ஷனும் உடையும். ஊற்றிய உடனே ஒரு தடவை, பிறகு 30, 60, 90, 120 நிமிடத்தில் 1.18 மி.மீ. சல்லடையில் கொஞ்சம் ஊற்றி என்ன தங்குகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிஎச் தாளையும் ஒவ்வொரு தடவையும் நனைத்துப் பாருங்கள்.

அடுத்த பொறி இதைவிட மோசமானது. சாதாரண எபாக்சி கெட்டியாகத் தொடங்கினால் கையில் தெரியும், வேலை செய்ய முடியாது, அதனால் நாமே நிறுத்திவிடுவோம். தண்ணீர் எபாக்சியில் பல வகைகள் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. வேலை செய்யும் நேரம் முடிந்த பிறகும் கலவை தண்ணீர் மாதிரியே ஓடும், ஏனென்றால் வினை ஒவ்வொரு துளிக்குள்ளும் தனித்தனியாக நடக்கிறது. அடித்துவிடலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும், ஆனால் வலை பின்னுவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை. தாளில் "2 மணி நேரம்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் 23 அல்லது 25 டிகிரியில் அளந்தது. மத்தியானம் யார்டில் நிழலிலேயே 32 டிகிரி, வெயிலில் நிற்கும் தொட்டியில் இன்னும் கூட. பத்து டிகிரி ஏறினால் வினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்ற பொதுக் கணக்கை வைத்துக்கொண்டு பாதி நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை நீங்களே அளக்கலாம். ஒரே கலவையிலிருந்து 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு தரை ஓட்டில் மெல்லிய படலம் தடவி, பின்னால் நேரத்தை எழுதி வையுங்கள். ஏழு நாள் கழித்து எல்லா ஓட்டையும் 60 டிகிரி அவனில் ஒரு மணி நேரம் வைத்து, கையுறை போட்ட விரலால் அழுத்துங்கள். முதல் சில ஓடுகள் லேசாகத்தான் ஒட்டும். ஒரு கட்டத்துக்கு மேல் தடவியவை எபாக்சி போடாத எமல்ஷன் மாதிரியே விரலோடு இழுத்துக்கொண்டு வரும். எனக்கு அந்த மாற்றம் தாளில் இருந்த நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே வந்தது.

எபாக்சி இல்லாத எமல்ஷனையும் ஒரு ஓட்டில் கண்டிப்பாகத் தடவி வையுங்கள். ஒப்பிட அது இல்லை என்றால் மற்ற ஓடுகள் எதையும் சொல்லாது. அளவையும் 0, 5, 10, 15 சதவீதம் என்று நான்காகச் செய்யுங்கள். அளவு கூடினால் மென்மையாகும் வெப்பநிலை ஏறும், ஊடுருவல் (சோதனை ஊசி தாருக்குள் இறங்கும் ஆழம்) குறையும், கூடவே நீட்சியும் குறைந்து விறைப்பாகும். இங்கே உறைபனி கிடையாது, அதனால் குளிரில் வெடிக்கும் என்ற பயம் குறைவு. ஆனால் அடித்தளம் ஆடுகிற இடத்தில் விறைப்பான படலம் சோர்ந்து விரிசல் விடும், நிறையப் போட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

5. இப்போது வாங்குங்கள்

உள்ளூர் விநியோகஸ்தரிடம் 20 கிலோ வாளி கிடைத்தால் கிலோ விலை கூட இருந்தாலும் அதையே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் டிரேட்நெட் என்ற சுங்க இணைய முறை வழியாக இறக்குமதி பெர்மிட் வேண்டும், அதைப் பெரும்பாலும் ஃபார்வர்டிங் ஏஜென்ட் எடுத்துத் தருவார். விலைப்பட்டியல், பேக்கிங் லிஸ்ட், கப்பல் ரசீது, எஸ்டிஎஸ் நான்கிலும் பொருளின் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். எபாக்சி ரெசின்களுக்கான சுங்கக் குறியீடு 3907.30. ஹார்ட்னர் வேறு தலைப்பில் வரும், இரண்டையும் ஒரே வரியில் "எபாக்சி செட்" என்று எழுத விடாதீர்கள். சுங்கத் தீர்வை இல்லை, ஆனால் பொருளின் விலை, காப்புறுதி, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த தொகைக்கு 9 சதவீதம் பொருள் சேவை வரி உண்டு.

என் மொத்தச் செலவில் எபாக்சியின் பங்கு சிறியது. லேப் கட்டணம் பாதிக்கு மேல், அடுத்தது ஆட்களின் கூலியும் எமல்ஷன் லாரியும், அதற்கடுத்து கழிவு. பாஸிடம் பட்ஜெட் கேட்கும்போது பொருள் விலையை மட்டும் சொல்லிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகப் போய் நிற்காதீர்கள்.

வந்த வாளிகளை மூடிய கன்டெய்னருக்குள் வைக்க வேண்டாம், வெயிலில் உள்ளே சூடு ஏறி எமல்ஷன் பிரிந்துவிடும். நிழல், காற்றோட்டம், கீழே கசிவுத் தட்டு.

6. லேப்: எந்த முறையில் என்று எழுதிக் கொடுங்கள்

சிங்லாஸ் (சிங்கப்பூரின் ஆய்வகத் தரச்சான்றுத் திட்டம்) அங்கீகாரம் உள்ள லேப்பாகப் பாருங்கள், அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். "எமல்ஷன் டெஸ்ட்" என்று மட்டும் எழுதினால் வழக்கமான வடித்தல் முறையில், ஏஎஸ்டிஎம் டி 6997 என்ற அமெரிக்கச் சோதனைத் தரநிலைப்படி, 260 டிகிரிக்குக் காய்ச்சி மிச்சத்தை எடுத்துவிடுவார்கள். அந்தச் சூட்டில் எபாக்சியின் நிலையே மாறிவிடும், ரோட்டில் நடக்காத ஒன்றை அளந்த ரிப்போர்ட்தான் கையில் வரும். என் முதல் ரிப்போர்ட் இப்படித்தான் வீணானது, மறுபடியும் பணம் கட்டினேன். குறைந்த வெப்ப ஆவியாக்கல், ஏஎஸ்டிஎம் டி 7497 என்று ஆர்டரிலேயே எழுதுங்கள், அது 60 டிகிரியைத் தாண்டாது. கலவையைக் கேனில் ஊற்றி அனுப்பவும் வேண்டாம், வழியிலேயே நேரம் முடிந்துவிடும். மூன்றையும் தனித்தனியாக அனுப்பி அங்கேயே கலக்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே போய்க் கலந்து கொடுங்கள்.

கேட்க வேண்டியவை: மென்மையாகும் புள்ளி, ஊடுருவல், நீட்சி, பிறகு இரண்டு லேயர் மாதிரியில் வெட்டுப் பிணைப்புச் சோதனை, அதாவது ஒரு லேயரை இன்னொன்றின் மேல் பக்கவாட்டில் தள்ளிப் பிரிக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. பிணைப்பை 25 டிகிரியில் மட்டும் அளந்தால் எபாக்சி போட்டதற்கும் போடாததற்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். 50 அல்லது 60 டிகிரியிலும் அளக்கச் சொல்லுங்கள், ரோட்டில் லேயர் வழுக்குவது அந்தச் சூட்டில்தான். மாதிரி ஏழு நாள் இறுகிய பிறகே சோதனை. வரிசையில் நிற்கும் நாளையும் சேர்த்து ஒரு மாதம் என்று திட்டமிடுங்கள்.

7. ஆட்களின் பாதுகாப்பு

இடர் மதிப்பீடு, பாதுகாப்பான வேலைமுறை, மெத்தட் ஸ்டேட்மென்ட் மூன்றையும் இந்தப் பொருளுக்கென்று புதிதாக எழுதுங்கள், சாதாரண டேக் கோட் வேலைக்கு எழுதியதில் பெயரை மாற்றிப் போடுவது போதாது. எபாக்சியும் அமினும் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் அது போகாது. அப்புறம் கொஞ்சம் பட்டாலே கை பூராவும் தடித்து அரிக்கும், அந்த ஆள் இந்த வேலையையே விட வேண்டி வரும். தண்ணீரில் கலந்தது என்பதால் நம் ஆட்கள் இதை பெயின்ட் மாதிரி நினைத்து வெறுங்கையால் தொடுகிறார்கள். நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி. துணிக் கையுறை நனைந்து உள்ளேயே வைத்திருக்கும், அதைவிட இல்லாமலே இருக்கலாம். வேலை தொடங்கும் முன் நடத்தும் பாதுகாப்பு விளக்கமான டூல்பாக்ஸ் மீட்டிங்கைத் தமிழிலும் வங்காளத்திலும் சொல்லி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

8. அடிக்கிற நாள்

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் மத்தியான இடிமழை. டிசம்பர், ஜனவரி தொடக்கம் நாள் முழுக்கவே பெய்யலாம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை விடியலில் சுமத்ராப் புயல்காற்று வரும். சராசரியாக மழை குறைந்த மாதம் பிப்ரவரி, முடிந்தால் அதில் வையுங்கள். எப்படியும் மாற்று நாள் ஒன்றை ஆட்களோடும் லாரியோடும் முன்பே பேசி வையுங்கள்.

இங்கே வெப்பம் பிரச்சினை இல்லை, ஈரப்பதம்தான் பிரச்சினை. தண்ணீர் வெளியேறினால்தான் இந்தப் பொருள் வேலை செய்யும். பின்னிரவில் காற்றே ஈரமாக இருக்கும், படலம் பழுப்பிலிருந்து கறுப்பாக மாற பகலைவிட ரொம்ப நேரம் எடுக்கும், அதற்குள் எபாக்சி மேலே இறுகினால் தண்ணீர் அடியில் மாட்டிக்கொள்ளும். காலை பத்து மணிக்கு மேல், பனியீரம் காய்ந்த பிறகு ஆரம்பிப்பது நல்லது. பெரிய சாலைகளில் வேலை பெரும்பாலும் இரவில்தான் கிடைக்கும் என்பதால், அங்கே போவதற்கு முன் இரவில் ஒரு ஓட்டுச் சோதனையும் செய்துவிடுங்கள்.

பரப்பைத் துடைத்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள், தூசி மேல் அடித்தால் எபாக்சியும் தூசியோடுதான் ஒட்டும். கம்பெனியின் பெரிய டிஸ்ட்ரிப்யூட்டர் லாரியில் இதை ஊற்ற விடாதீர்கள். அது எமல்ஷனைச் சூடாக்கி வைக்கும், சூட்டில் எபாக்சி வேகமாக இறுகும், பைப்பும் நாசிலும் போய்விடும். சின்னத் தொட்டி, கையில் பிடிக்கும் ஸ்ப்ரே போதும். கலந்த நேரத்தைத் தொட்டி மேலேயே மார்க்கரால் எழுதுங்கள், நீங்கள் அளந்த நேரம் முடிந்ததும் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் நிறுத்துங்கள். 18 கிலோவையும் ஒரே தடவையில் கலக்காமல் இரண்டாகப் பிரித்துக் கலப்பது நல்லது. பட்டையில் பாதி, அதாவது 15 மீட்டர், சாதாரண எமல்ஷன். இரண்டு பாதிக்கும் புது லேயர் போடும் நேரமும் ரோலர் ஓட்டமும் ஒரே மாதிரி இருக்கட்டும். முழுவதும் கறுத்த பிறகு மேல் லேயரைப் போடலாம், ஒரு வாரம் காத்திருக்கத் தேவையில்லை, சூடான கலவையின் வெப்பமே மிச்ச வினையை முடுக்கிவிடும்.

9. கழுவுவதும் கழிவும்

அடித்து முடித்த நிமிடமே தொட்டியையும் ஸ்ப்ரேயையும் தண்ணீரால் அலசுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து கழுவலாம் என்றால் உளியும் சுத்தியலும்தான். அலசிய தண்ணீரை வாய்க்காலில் விடவே கூடாது. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, வாய்க்காலில் விடுவது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குப் போகும். டிரம்மில் பிடித்து, மிச்ச ஹார்ட்னரோடும் வாளிகளோடும் உரிமம் பெற்ற கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுத்து ரசீதைக் கோப்பில் வையுங்கள். மேற்கோள் விலையை முன்பே வாங்கி வைத்தால் கடைசியில் அதிர்ச்சி இருக்காது.

10. கோர் எடுப்பது

கோர் என்பது போட்ட பட்டையிலிருந்து துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி, அதை ஏழு நாளுக்கு முன் எடுக்காதீர்கள். நான் ஒரு மாதத்தில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை, இரண்டு பாதியிலும் மும்மூன்று எடுத்தேன், டயர் ஓடும் தடத்தில். ஒவ்வொன்றிலும் திசை அம்புக்குறி போட்டு, அன்றைய தேதியும் இடமும் எழுதி, படுக்க வைத்து அனுப்புங்கள். லேப்புக்குப் போகும் வழியில் லேயர் பிரிந்துவிட்ட கோரைத் தூக்கிப் போட வேண்டாம், எந்தப் பாதியிலிருந்து வந்தது என்று குறித்து அதையும் கணக்கில் சேருங்கள். என்னுடையதில் அப்படிப் பிரிந்தவை இரண்டு, இரண்டுமே சாதாரண எமல்ஷன் பாதி.